ரத்துப் பக்கத்தில் அம்மாவின் நம்பர்

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (எவ்வளவு தெரியாது என்பது இப்போதுதான் தெரியும்.)

கொச்சியில் ஒரு சின்ன நிறுவனம். மலையில் தங்கும் அறைகளைப் பதிவு செய்வதற்கான இணையதளம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். எனக்கு மேலே இருந்த ஷைனி சேச்சி முதல் நாளே சொன்னார்: "ஸ்டெல்லா, உதவி நம்பர் எல்லாப் பக்கத்துலயும் வரும். அதை ஒரே ஃபைல்ல எழுதி வை. மத்த பக்கமெல்லாம் அங்கேயிருந்து எடுத்துக்கட்டும். நாளைக்கு மாறினா ஒரு இடத்துல மாத்தினா போதும்."

ஒன்பது பக்கத்துக்குத் தனியாக ஒரு ஃபைலா! மேதாவி நான், ஒவ்வொரு பக்கத்திலும் கையாலேயே எழுதினேன். உண்மையான நம்பர் அப்போது வந்திருக்கவில்லை. எனக்கு மனப்பாடமாக இருந்தது அம்மாவின் நம்பர். அதைப் போட்டு வைத்தேன். பிறகு எட்டுப் பக்கங்களில் மாற்றினேன். விட்டுப்போன ஒன்பதாவது, பதிவை ரத்து செய்யும் பக்கம்.

அம்மா சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். தளம் வெளியான மறுவாரம் அப்பா கூப்பிட்டார்.

"உங்கம்மாவ சூப்பர்வைசர் ஏசிட்டாருட்டி. தேயிலைக் காட்டுல நாள் பூரா போன்லயே பேசுதாளாம். கேட்டா, 'எம்மவ ஆபீஸ் வேலை'ங்கா. என்ன வேலை அது?"

தளத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன்; ரத்துப் பக்கத்தில் அம்மாவின் நம்பர். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ரூம் விஷயமா போன் வரவும், நீ சொல்ல மறந்துட்டேன்னு நெனச்சேன்ட்டி," என்றாள். "தெரியாதுன்னு சொன்னா உன் வேலைக்கு எதும் ஆயிருமோன்னு எல்லா போனையும் எடுத்துட்டேன்."

"ரத்து பண்ணணும்னவங்ககிட்ட என்னம்மா சொன்னே?"

"மழைன்னு பயந்தாவ. ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்கன்னேன். பெருமாட்டின்னு ஒரு ஊர்ல இருந்து ஒரு பிள்ளை, புதுசா கல்யாணம் ஆனது. 'அவருகூட நான் வரமாட்டனுங்க'ன்னு ஒரே அழுகை. ரெண்டு பேரையும் பேச வச்சு வரச் சொல்லியிருக்கேன்."

ஷைனி சேச்சியிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதானே! இந்த வாரம் ஒருத்தர்கூட ரத்து பண்ணலை!" என்று சிரித்துவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நம்பரை ஒரே ஃபைலுக்கு மாற்றவைத்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டேன்.

பெருமாட்டித் தம்பதி எங்கள் எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே வந்து தங்கினார்கள். பதிவு செய்த அறையில் இருந்ததைவிட எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டில் இருந்த நேரம்தான் அதிகம்.

இன்றும் வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டு, "நான் வரலை" என்றால் அப்பா சொல்வார்: "ரத்துன்னா உங்கம்மா நம்பருக்குப் போடு." அம்மா உடனே போனைக் காதில் வைத்துக்கொள்வாள். "ஹலோ, சொல்லுங்க. எதுக்கு வரலை?"

அந்த நம்பரில் இதுவரை ஒரு ரத்தும் நடந்ததில்லை.