படகுக்கு வேலி

பல் டாக்டர் சாய்ந்து நின்ற கம்பி பட்டென்று அறுந்தது. அடுத்த நொடி அவர் தண்ணீரில் இருந்தார்.

படகுத்துறைக் காவல்காரர்தான் காலரைப் பிடித்துக் கரையேற்றினார். நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போனவரை மனைவி வாசலிலேயே மடக்கினாள்.

"எதுல சாஞ்சீங்க?"

"ஓரக் கம்பியில. படகைச் சுத்தி வேலி மாதிரி ஓடுமே, அதுல."

"முதல்ல அதை மாத்துங்க. மாத்தாம உங்ககூட நான் படகுல வர மாட்டேன்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போன பிறகு, இருவரும் சேர்ந்து போகலாம் என்றுதான் அந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கினார். இதுவரை அவள் அதில் ஏறி அவர் பார்த்ததில்லை. ஒருநாளாவது அவளை உட்கார வைத்துப் பாய் விரிக்க வேண்டும், அதுதான் அவர் ஆசை. பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

கடையில் பல ரகம் காட்டினார்கள். டாக்டர் வெள்ளை உறை போட்ட கம்பியை எடுத்தார். கேப் போட்ட பல் மாதிரி பளிச்சென்று இருந்தது.

வீட்டில் அதைப் பார்த்த மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "உறைக்குள்ள தண்ணி இறங்கித் துரு பிடிச்சா வெளியில தெரியுமா? பழசும் இதே ரகம்தானே?"

அறுந்த துண்டைக் கீறிப் பார்த்தார். வெளியே வெள்ளை, உள்ளே முழுக்கச் சொத்தை. ஊர்ப் பல்லையெல்லாம் தட்டிப் பார்க்கிறவருக்கு வெட்கமாகப் போனது.

மறுபடி கடை. இந்த முறை உறையே இல்லாத எஃகு வயர். பலமாக இருக்கட்டும் என்று தடிமனாகவே வாங்கினார். அது வேலியைத் தாங்கி நிற்கும் கம்பங்களின் ஓட்டைக்குள் நுழையவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கி, வயரை மாட்டி, முறுக்கி இழுத்தார். இழுத்த இழுப்பில் கம்பங்கள் வரிசையாக ஆட ஆரம்பித்தன.

"ஆடுறதைப் புடுங்கிடலாமா டாக்டர்?" என்றார் காவல்காரர், முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு.

அடிப் போல்ட்டுகளை இறுக்கிக் கம்பங்களை நிமிர்த்துவதற்குள் டாக்டருக்கு இடுப்பு கழன்றது. வயரைக் கழற்றிக்கொண்டு மறுபடியும் வந்து நின்றவரின் தொந்தரவு தாங்காமல் கடைக்காரர் ஒரு கயிற்றை நீட்டினார். "எஃகு அளவுக்குத் தாங்கும் சார். எடையே இருக்காது."

"கயிறா?" என்றாள் மனைவி. "நீங்க பெருசாக்கின ஓட்டையெல்லாம் ஓரம் பிசிறா இருக்குமே. உரசி உரசி அறுத்துடாதா?"

அடுப்படியில் நின்றபடியே இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று டாக்டர் மலைத்தார். ஆனால் பிசிறை மழுக்குவது அவர் தொழிலாயிற்றே! கிளினிக்கிலிருந்து பல் தேய்க்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு ஓட்டைக்கும் பாலிஷ் போட்டார். அங்கே பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, இங்கே இவர் பழக்கதோஷத்தில் ஒரு கம்பத்திடம், "இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க" என்று சொல்லியும்விட்டார்.

கயிறு சிக்கென்று நின்றது. டாக்டர் தன் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து பார்த்தார். விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கையோடு அழைத்து வந்தார். அவள் கயிற்றைச் சுண்டிப் பார்த்து, "ம், இனிமே போலாம்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினாள். டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காவல்காரரிடம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தீங்களா! இனிமே அவ பயமில்லாம வருவா."

"அம்மாவுக்கு என்ன சார் பயம்? நீங்க கிளினிக் போனதும் தினமும் அவங்கதானே படகை ஓட்டிட்டுப் போறாங்க. வேலி கேட்டது, உங்களை ஏத்திட்டுப் போறதுக்கு!"