முடிக்குப் பதில் தேங்காய்

காரைக்குடியில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்துகொண்டு ஒரு பாலிசிகூடப் பிடிக்காத ஒரே மனிதர், எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த 'திரும்பி வரும்'தான்.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் அவர் பேச்சு. பாலிசி போடலாமென்று யாராவது பேனாவை எடுத்தால் போதும், ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"எதுக்குண்ணே பயப்படுறீக? செத்தா எங்குட்டுப் போகப் போறீக? மண்ணுக்குள்ள போவீக. அங்குட்டிருந்து முருங்கைக்குப் போவீக. அப்புறம் நம்ம தெரு சாம்பார்லயே திரும்பி வந்துருவீக!"

பேனா சட்டைப் பைக்குப் போய்விடும். அந்த வீட்டில் கொஞ்ச நாளைக்கு முருங்கைக்காயும் வாங்க மாட்டார்கள்.

சலூனில் விழுகிற முடியைச் சாக்கில் அள்ளிவந்து காம்பவுண்டுத் தென்னை மரத்தடியில் புதைப்பார். முடியில் தழைச்சத்து இருக்கிறதாம். தேங்காய் பறித்ததும் வீடு வீடாகக் கொடுத்து, "இது உங்க முடிதாண்ணே" என்பார். அதைக் கேட்ட பிறகு சட்னி எப்படி இறங்கும்? அவர் தலை மறைந்ததும் என் மனைவி அதைப் பிள்ளையாருக்கு உடைத்துவிடுவாள்.

நாற்பதைத் தொட்டும் அவருக்குப் பெண் அமையவில்லை. போன இடத்திலெல்லாம் உரத்தைப் பற்றிப் பேசினால் எப்படி அமையும்? கடைசியாகச் சாக்கோட்டையில் ஒரு இடம் வந்தது. "இதுவும் தட்டிப்போனா இனிமே கல்யாணப் பேச்சே வேணாம்ணே" என்றார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

பெண் பார்க்கப் போகிற காரிலேயே சத்தியம் வாங்கினேன். "மண்ணு, முடின்னு வாயத் தெறக்கக் கூடாது."

"தெறக்க மாட்டேண்ணே."

திறக்கவுமில்லை. கேசரி சாப்பிட்டார், பெண்ணைப் பார்த்து வெட்கப்பட்டார். "மாப்ள ரொம்ப அமைதி" என்று பெண்ணின் அப்பா பூரித்தார். அப்போதுதான் கொல்லையிலிருந்து புகை வந்தது. மாப்பிள்ளை வருகிறாரென்று தோட்டத்தைப் பெருக்கி, சருகைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள்.

மனிதரின் மூக்கு விடைத்தது. எட்டிப் பிடித்தேன். துண்டுதான் என் கையில் இருந்தது, ஆள் கொல்லையில் இருந்தார். ஒரு குடம் தண்ணீரைத் தீயில் கொட்டிவிட்டு, "சத்தெல்லாம் புகையாப் போகுதே! மரத்தோட சோத்தக் கொளுத்துறீகளே, மாமா!" என்று அலறினார்.

இன்னும் தட்டுகூட மாற்றவில்லை, அதற்குள் மாமா! காரியம் கெட்டதென்று நான் செருப்பைத் தேடினேன்.

அப்போது பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளித் தண்ணீரோடு பெண் வந்தாள்.

"நானும் எத்தன நாளாச் சொல்றேன், அப்பா கேக்க மாட்டேங்குறாக. கெணத்தடியிலயும் ஒரு குவியல் எரியுது, வாங்க!"

இருவரும் ஓடினார்கள். நாங்கள் ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு முகூர்த்தத்துக்கு நாள் பார்த்தோம்.

இப்போது அவர் மாமனார் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் தெரு சலூனுக்குச் சாக்கோடு வரும்போதெல்லாம் எனக்கும் தேங்காய் கொண்டுவருகிறார். எனக்கோ தலை வழுக்கையாகிப் பல வருஷமாகிறது.

"குடுக்கத்தான் முடியே இல்லயே, எனக்கு எதுக்குய்யா தேங்கா?" என்று போன வாரம் கேட்டேன்.

"முன்னாடி குடுத்தீகளே, அதெல்லாம் இன்னும் தீரலண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்தத் தேங்காயைப் பிள்ளையாருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சட்னி அரைக்கச் சொன்னேன்.