இரைச்சல் பெட்டியும் இரண்டாவது அடுப்பும்

ஒரு காட்டில் நடந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் சொன்னார். அவருக்கு அவருடைய மைத்துனர் சொன்னாராம். இதில் ஏதாவது கூடியிருந்தால் அது அவர்கள் இருவரில் ஒருவர் கூட்டியது.

அந்தக் காட்டு விலங்குகளுக்கு இயற்கையோடு ஒன்றி இருக்க வேண்டும் என்று திடீரென ஆசை வந்தது. காட்டிலேயே பிறந்து வளர்ந்த விலங்குகள்தான். ஆனாலும் கூடாரம் அடித்துத் தங்கினால்தான் அது கணக்கில் சேரும் என்று நரி எதிலோ பார்த்திருந்தது. ஆற்று மணல்திட்டில் முகாம் என்று முடிவாயிற்று.

ஆற்றுக்கு மேலே ஓர் அணை இருந்தது. மதகைத் திறந்தால் மணல்திட்டு முழுகிவிடும். அங்கே போனும் எடுக்காது. அதனால் மரங்கொத்தியையும் சேர்த்துக்கொண்டார்கள். அது பரீட்சை எழுதி உரிமம் வாங்கி ஹாம் ரேடியோ வைத்திருந்தது. அணையில் இருந்த நாரையிடமும் அதேபோல் ஒன்று. மதகு திறந்தால் நாரை ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்லும். மரங்கொத்தி கேட்டு எல்லோரையும் எழுப்பும்.

இந்த ஏற்பாட்டை நம்பித்தான் முயல் தன் நான்கு குட்டிகளோடு வரச் சம்மதித்தது.

"இதுங்களுக்கு இன்னும் கண்ணே சரியாத் திறக்கல தம்பி. ஓடவும் தெரியாது. உன் காதை நம்பித்தான் வரேன்" என்றது.

மரங்கொத்திக்கு அன்றிலிருந்தே தூக்கம் போயிற்று.

அடுத்து மின்சாரம். வெயிலில் சார்ஜ் ஏறும், எங்கும் தூக்கிப்போகக்கூடிய சோலார் பெட்டி ஒன்று வாங்கக் கூட்டம் கூடியது.

"என் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடணும்" என்றது கரடி. "பச்சையா சாப்பிட்டா எனக்கு ஒத்துக்கறதில்ல."

"தோகையைச் சுத்தி சீரியல் லைட் எரியணும்" என்றது மயில். "இருட்டுல ஆடுனா யார் பார்ப்பா?"

நரி எல்லா விடியோவையும் பார்த்துவிட்டு வந்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான் பேசினார், சட்டைதான் வேறு. ஆனாலும் எல்லோரும் ஒரே பெட்டியைப் புகழ்கிறார்கள் என்று நரி அறிவித்தது.

மரங்கொத்தி தயங்கித் தயங்கிச் சொன்னது: "ரேடியோவுக்கு என்கிட்ட இருக்கிற பழைய ஸ்கூட்டர் பேட்டரியே போதுங்க. ஆனா சில பெட்டிங்க ஓடும்போது பக்கத்துல இருக்கிற ரேடியோவுல ஒரே இரைச்சலா வரும். வேற எதுவும் கேக்காது. அப்படி வராததா பார்த்து வாங்குங்க."

நரி விவரச்சீட்டை மேலும் கீழும் பார்த்தது. "வாட் இருக்கு. எடை இருக்கு. வாரண்டி இருக்கு. இரைச்சல்னு ஒரு வரியே இல்லையேப்பா."

"அதனாலதான் கடையில கேக்கச் சொல்றேன்."

"இல்லாத வரியை எப்படிக் கேக்கிறது? கடைக்காரன் சிரிப்பான்."

கை தூக்கச் சொன்னார்கள். மரங்கொத்தியின் பக்கம் ஓர் இறக்கை உயர்ந்தது, அது மரங்கொத்தியுடையது. முயல் கை தூக்குவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

பெட்டி வந்தது. உண்மையிலேயே நல்ல பெட்டிதான். அடுப்பு எரிந்தது, மயில் மின்னியது, நரி ஒரு மேசை விசிறியும் செருகிக்கொண்டது. மரங்கொத்தி ரேடியோவைத் திறந்தது. தேன்கூட்டைக் கலைத்த மாதிரி 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் வந்தது.

"கொஞ்ச நேரம் பெட்டியை அணைங்க. நாரை கூப்பிடுதான்னு கேட்டுக்கறேன்."

"அதான் சத்தம் வருதே" என்றது நரி. "சத்தம் வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"இது பெட்டியோட சத்தங்க!"

"நம்ம பெட்டியைக் குறை சொல்லாதே. ஊரே அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கு."

ரேடியோவைத் தூரமாய்த் தூக்கிப்போனால் இரைச்சல் குறையும். ஆனால் ரேடியோவும் ஸ்கூட்டர் பேட்டரியும் மரங்கொத்தியைவிடப் பல மடங்கு கனம். அது கரடியிடம் போய் நின்றது.

"சாப்பிட்டுட்டுத் தூக்கறேன் தம்பி. குழம்பு கொதிக்குது பாரு."

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முயல் குட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து மரங்கொத்தியின் முகத்தையே பார்த்தது. மரங்கொத்தி ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, இரைச்சலுக்குள் நாரையைத் தேடியது. மறுபடி அணைக்கச் சொன்னது. "இப்பத்தான் ஆடவே ஆரம்பிச்சேன்" என்றது மயில்.

குழம்பு நன்றாக வந்துவிட்டது. சோறுதான் பாக்கி. கரடி பையிலிருந்து இன்னோர் அடுப்பை எடுத்துச் செருகியது.

பெட்டி கீச்சென்று கத்திவிட்டுத் தானே அணைந்தது.

விசிறி நின்றது. மயில் இருண்டது. இரைச்சல் அறுந்தது. அதற்கு அடியில் நாரையின் குரல் இருந்தது. தொண்டை கட்டியிருந்ததைப் பார்த்தால் வெகுநேரமாகவே கத்திக்கொண்டிருக்க வேண்டும்.

"மதகு திறந்தாச்சு. மேட்டுக்குப் போங்க. அட, யாராச்சும் இருக்கீங்களா? மதகு திறந்தாச்சு!"

மரங்கொத்தி அலறியது. முயல் இரண்டு குட்டிகளை வாயில் கவ்வியது. கரடி அடுப்பிலிருந்த குழம்பைக் கொட்டி, சூடு ஆறச் சட்டியை ஆற்றில் முக்கியெடுத்து, மற்ற இரண்டையும் அதில் அள்ளிக்கொண்டது. கொட்டிய குழம்புக்காக அது பிற்பாடு அழுதது. நரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடியது. எல்லோரும் மேடேறித் திரும்பிப் பார்த்தபோது, கூடாரமும் ரேடியோவும் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் மறுபடி கூட்டம்.

"ஆபத்து நேரத்துல தானா அணைஞ்சு நம்ம உயிரைக் காப்பாத்தின பெட்டிக்கு நன்றி" என்று நரி தீர்மானம் வாசித்தது. பெட்டிக்கு மாலை போட்டார்கள். இவ்வளவு தாமதமாகச் சொன்னதற்காக மரங்கொத்தியைக் கண்டித்தார்கள்.

"ஒரே ஒரு குறை" என்றது கரடி. "ரெண்டாவது அடுப்பைத் தாங்கல."

அடுத்த முகாமுக்கு, எத்தனை அடுப்பு செருகினாலும் அணையாத பெரிய பெட்டி வாங்குவதென்று கைதட்டி முடிவு செய்தார்கள்.

மரங்கொத்தி பேச எழுந்தது. முயல் அதன் இறக்கையைப் பிடித்து உட்காரவைத்தது.

"சொல்லிப் பார்த்தியே தம்பி, கேட்டாங்களா? விடு. புதுப் பெட்டி எத்தனை அடுப்புக்குப் படுக்கும்னு மட்டும் எனக்குக் கணக்குப் போட்டுச் சொல்லு. நான் கொண்டுவரேன்."

கதை இவ்வளவுதான். எனக்கு அந்த இரைச்சல் விஷயத்தில் மட்டும் சந்தேகம் இருந்தது. வீட்டில் ஒரு பழைய டிரான்சிஸ்டரை மத்திய அலையில் வைத்து, போன் சார்ஜருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். 'ங்ங்ங்' என்றது. சார்ஜரைப் பிடுங்கினேன். உள்ளே ஒருவர் நிதானமாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

நீதி: சொல்லியும் கேளாதவர்களோடு வாதாடாதே, கூடுதலாக ஓர் அடுப்பைச் செருகு.