மாட்டுங்காவில் ஓர் ஆர்மீனியர்

எண்பதுகளில் பம்பாயில் பிழைத்த தமிழர்களிலேயே, ஓர் ஆர்மீனிய எழுத்தாளரின் பிறந்தநாளுக்குச் சேமியா பாயசம் வைத்து ஊருக்கே கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எனக்கு மறந்துபோய்விட்டது. கிங்ஸ் சர்க்கிள் மெஸ்ஸில் சாப்பிட்ட நாங்கள் எல்லோரும் அவரை ஆர்மீனியா என்றுதான் சொல்வோம். நேரில் மட்டும் ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வோம்.

ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. ஐம்பதை நெருங்கிய பிரம்மச்சாரி. எல்லோரையும் போல ஒழுங்காக இருந்தவர்தான். ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கிய இடம் பழைய புத்தகக் கடையாக அமைந்துவிட்டது. அங்கே, ஆர்மீனிய நாவலாசிரியர் ஒருவர் எழுதிய நாடகங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அட்டை இல்லாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. முன்னுரையில் எழுத்தாளரின் வாழ்க்கை இருந்தது. அன்று மழை பெய்யாமல் இருந்திருந்தால் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம்.

இலை போட்டதும் அந்த வாழ்க்கை ஆரம்பமாகிவிடும். மலையூர் ஒன்றில் குதிரைச் சேணம் தைப்பவருக்குப் பிறந்தாராம். பாதிரியாராக்க மடத்தில் சேர்த்தார்களாம், சுவரேறிக் குதித்து ஓடிவிட்டாராம். சொந்த ஊர்க்காரர்களை வைத்தே நாவல் எழுதினாராம். தங்களை அதில் கண்டுகொண்ட ஊர்க்காரர்கள், சாகும்வரை அவரை ஊருக்குள் விடவில்லையாம். அந்தக் கோபத்தில்தான் நாடகம் எழுதத் தொடங்கினாராம். ரசம் வரும்போது நாவல் நடக்கும். மோர் வரும்போது மரணம். எழுத்தாளரின் பெயரை அவர் சொல்லும்போது நாலு இடத்தில் 'ர்' விழும், தினமும் வேறு வேறு இடத்தில் விழும். கடைசி இரண்டு எழுத்து மட்டும் மாறாது. ஆர்மீனியர்கள் பெயரெல்லாம் 'யான்' என்று முடிகிறது, யான் என்றால் தமிழில் நான், ஆகவே அவர்கள் நம் ஜனங்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதை மறுத்துப் பேசிய பாங்க் ஊழியர் ஒருவர் மெஸ்ஸையே மாற்றிக்கொண்டு மாஹிம் பக்கம் போய்விட்டார்.

ஆபீசிலும் இதே கதைதான். தாமதமாக வந்ததற்கு மேனேஜர் சத்தம் போட்டால், அந்த எழுத்தாளரையும் பத்திரிகை ஆபீசில் இப்படித்தான் நடத்தினார்கள் என்று பதில் சொல்வார். மதியத்துக்குத் தயிர் சாதத்தோடு நாலு ஜர்தாலு, அதாவது உலர்ந்த ஆப்ரிகாட், கொண்டுபோவார். அந்த நாட்டில் பழம் என்றால் அதுதானாம். இவருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

இதோடு விட்டிருக்கலாம். நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்து மேடையேற்றுவது என்று முடிவு செய்துவிட்டார். அணை கட்டுவதற்காக ஓர் ஊரையே காலி செய்யச் சொல்கிறார்கள். ரொட்டி சுடும் கிழவர் ஒருவர் தன் அடுப்பை விட்டுப் போக மறுக்கிறார். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுத் தனியாக நடந்து போகிறார். அவ்வளவுதான் கதை. ஆர்மீனியாவின் தமிழில் அந்தக் கிழவர், "அந்தோ, எனது அடுப்பே, உன்னை எங்ஙனம் துறப்பேன்" என்று பேசினார். ரொட்டி சுடுகிறவர் அப்படிப் பேசுவாரா என்று கேட்டேன். ஆர்மீனியாவில் பேசுவார் என்றார்.

மெஸ்காரர்கள் யாரும் நடிக்க முன்வராததால் தாராவியை ஒட்டிய லேபர் கேம்ப் குடிசைகளில் இருந்த இளைஞர்களைப் பிடித்தார். பம்பாயிலேயே வளர்ந்த திருநெல்வேலிப் பிள்ளைகள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. 'எங்ஙனம்' என்பதை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தார். கிழவராக நடித்த சண்முகம், அது ஏதோ ஊரின் பெயர் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தான். காலி செய்யச் சொல்லும் அதிகாரி வேஷம் எனக்கு. என் முகத்துக்கு ஒப்பனையே தேவையில்லை என்றார். ஒத்திகையில் நான் ஓர் 'ஆனால்' விட்டுவிட்டேன் என்பதற்காக முதல் காட்சியிலிருந்து மறுபடி நடத்தினார். ஆசிரியர் எழுதியதில் ஒரு கமா மாறினாலும் பாவம் என்பார்.

உடைகளுக்குத் தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த காஜா பாய் உதவினார். மேலப்பாளையத்துக்காரர், தங்கமான மனிதர். ஏற்றுமதிக்கு வைத்திருந்த கோட்டுகளை, வியர்வை படக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு கொடுத்தார். நாடகம் நடந்தது மே மாதம். ஆர்மீனியத் தொப்பிக்காக முடி நீக்காத ஆட்டுத்தோலையும் வெட்டித் தந்தார். முன் வரிசைக் குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நாடகம் பார்த்தன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேபர் கேம்ப் மைதானத்தில் நல்ல கூட்டம். சிரிக்க வந்தவர்களே அதிகம். முதல் அரைமணி நேரம் நன்றாகவே சிரித்தார்கள். பிறகு நான் மேடைக்கு வந்து, பத்து நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வருஷம் கேம்ப்பில் குடிசைகளை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எல்லார் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்மீனியாவுக்கு இது தெரியாது. பக்கத்துத் தெருவில் நடப்பது அவருக்கு எப்போதுமே தெரியாது. ஒரு செருப்பு பறந்து வந்து என் மேல் விழுந்தது. காஜா பாய் பதறிப்போய் மேடையேறி ஓடி வந்து கோட்டைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

கடைசிக் காட்சியில் சண்முகம் அடுப்பை அணைக்கக் குனிந்தான். முன் வரிசையில் இருந்த செல்லக்கனி அக்கா எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். கேம்ப்பில் பாதிப் பேருக்கு அவர்தான் பஞ்சாயத்து. சண்முகத்தின் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆர்மீனியா புத்தகத்தோடு ஓடி வந்தார்.

"அம்மா, விடுங்கோ. அவர் போயாகணும். ஆசிரியர் அப்படித்தான் எழுதியிருக்கார்."

"எழுதினவரு வந்து இங்க குடியிருக்காரா? முப்பது வருசமா இருக்க எடத்த விட்டு இவன் ஒரு எடத்துக்கும் போவ மாட்டான். போவணும்னா நீரு போவும்."

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. சண்முகம் ஆர்மீனியாவைப் பார்த்தான். ஒரு கமாவுக்கு உயிரை எடுத்த மனிதர் புத்தகத்தைப் பார்த்தார், அந்த அக்காவைப் பார்த்தார். புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"உட்காருப்பா. அடுப்பை நன்னா எரிய விடு."

அந்தக் கைதட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதிகாரி வெளியே போவதாக நாடகம் முடிந்தது. என்னைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள்.

மறுநாள் மெஸ்ஸில் ஆர்மீனியா வாயே திறக்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உங்கள் ஆள் உங்களை மன்னிப்பாரா சார் என்று கிண்டினேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"அவரை அவர் ஊர்க்காரா உள்ளே விடலை. அவர் எழுதின கிழவனை இந்த ஊர்க்காரா வெளியே விடலை. அவருக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவாரோன்னு யோசிச்சிண்டிருக்கேன்."

நான் இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னேன்.

அடுத்த வருஷம் அவர் டோம்பிவிலியில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மெஸ்ஸில் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பக்கம் வீட்டு விலை விசாரிக்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, நேராக அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். கொடுத்த கையோடு ஆரம்பித்துவிட்டார். அந்த ஆர்மீனிய எழுத்தாளருக்குப் புதிதாக ஒரு தங்கை முளைத்திருந்தாள். முன்னுரையில் அப்படி யாரும் இல்லை என்பது எங்கள் மெஸ்ஸில் எவருக்கும் தெரியும். இருந்தும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் ரயிலேறினேன்.