கரி கேஸ் பீப்பாயும் ஒரு பகல் வேலையும்

இனிமேல் ராத்திரியில் தூங்குவது என்று முடிவெடுத்தேன்.

உங்களுக்கு இது ஒரு முடிவாகவே தெரியாது. நீங்கள் இருட்டினால் படுப்பவர்கள். நான் ஐஸ் கம்பெனியில் ராத்திரி மெஷின் பார்க்கிறவன். ஊரே குறட்டை விடும்போது நான் அமோனியாவை மோந்துகொண்டிருப்பேன். ஊர் பல் விளக்கும்போது படுக்கப் போவேன். படுக்கத்தான் போவேன். தூக்கம் வராது. பால்காரரின் மணி, பள்ளிக்கூட வேன், பக்கத்து வீட்டுத் தையல் மெஷின். இத்தனைக்கும் நடுவில் தூங்க வேண்டுமானால் ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லை ஆபீசில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தூங்க முடியாதவன் என்ன செய்வான்? சிலர் குடிப்பார்கள். சிலர் கவிதை எழுதுவார்கள். நான் பழைய இரும்பு சேர்த்தேன்.

சும்மா இரும்பு இல்லை. காட்டில் கையால் மரம் அறுத்த காலத்துச் சாமான்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, ஆளைவிட நீளமான ரம்பம். அடிமரத்தை உருட்டுகிற கொக்கி. பட்டை உரிக்கிற வளைந்த கத்தி. அறுத்த மரத்தில் அடையாளம் குத்துகிற சுத்தியல். எல்லாவற்றுக்கும் மேலே, என் பின்கட்டுக் கொட்டகையின் பட்டத்து ராணி, கரி கேஸ் பீப்பாய்.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. லாரிக்குப் பின்னால் இப்படி ஒரு பீப்பாயைக் கட்டினார்கள். உள்ளே கரியை மூட்டி, அதில் வருகிற கேஸை வடிகட்டிக் குழாய் வழியாக எஞ்சினுக்கு அனுப்பினார்கள். லாரி ஓடியது. ஓடியது என்றால், மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளத் தள்ள ஓடியது. கிளம்புவதற்கு முன்னால் ஒருவன் நின்று கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊத வேண்டும். கேஸ் தயாரா என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு சின்ன மூக்கு உண்டு. அங்கே தீக்குச்சி காட்டினால் நீலமாக ஜ்வாலை நிற்க வேண்டும். நிற்கவில்லையா, இன்னும் சுற்று.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய புத்தகங்களைப் புரட்டி நானே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். வேறு யார் கேட்பார்கள்?

அவளும் கேட்டாள் என்று சொல்ல முடியாது. முன்னறையில் அவள் இஸ்திரி போடுகிறாள். இந்தத் தெருவில் பாதிப் பேர் அவள் வைத்த மடிப்போடுதான் வேலைக்குப் போகிறார்கள். வெள்ளை, நீலம், காக்கி என்று ஆணி முழுக்க யார் யாருடைய சட்டையோ தொங்கும். நான் பேசுவேன். அவள் தேய்ப்பாள். நான் பேசி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"கொட்டகை எப்பங்க காலியாகும்?"

மழை நாளில் துணி காயப்போட அவளுக்கு இடம் வேண்டும். ஒரு நாள் காலையில், நிற்கவே தெம்பில்லாத நேரம் பார்த்துக் கேட்டாள். இந்த மாசக் கடைசிக்குள் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தூக்கம் இல்லாதவன் எதற்கும் சரி என்பான்.

அடுத்த வாரமே பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில்மேல் தன் மோவாயை வைத்தார். அவர் என் மனைவியைத் தங்கச்சி என்பார். ஆகவே நான் மாப்பிள்ளை.

"மாப்ளே, சேதி தெரியுமா? மர டிப்போவுல பாழடைஞ்ச கொட்டகை ஒண்ணு இருக்கில்ல? அதைக் காட்சிக்கூடம் ஆக்குறாங்களாம். பழைய ரம்பம், கோடாலி எல்லாம் தேடுறாங்களாம். உன்னை மாதிரி ஒரு பைத்தியம் சர்க்கார்லயும் இருக்குது பாரு."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. பார்த்துக்க ஆளும் வேணுமாம். பகல் வேலை. சாயங்காலம் பூட்டிட்டு வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிப் படுத்துக்கலாம்."

பகல் வேலை! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அமோனியா இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை. அங்கேயே, மதிலோரமே, முதல் வரியில் சொன்ன முடிவை எடுத்தேன். சாமான்களைக் கொடுப்பது. சாமான்களோடு சேர்த்து என்னையும் கொடுத்துவிடுவது.

மனைவியிடம் மூச்சு விடக்கூடாது. தெரிந்தால், இருக்கிற வேலையை விட்டுவிட்டு ரம்பத்துக்குக் காவல் இருக்கப் போறீங்களா என்பாள். வேலை கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

டிப்போ ரேஞ்சரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், விறைப்பான காக்கி. என் பட்டியலைக் கேட்கக் கேட்க அவர் கண் விரிந்தது.

"பீப்பாய் வேலை செய்யுமா?"

"செய்யும் சார்."

"வெள்ளிக்கிழமை காலையில வர்றேன். ஜ்வாலையைக் காட்டுங்க. அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்."

வீட்டுக்கு வந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னேன். "வெள்ளிக்கிழமை பழைய இரும்புக் கடைக்காரர் வர்றாரு."

"அப்படியா?" இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை. "அதான் ஒவ்வொண்ணையும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறீங்களா? உடைச்சு உருக்கப் போறவனுக்கு எதுக்குங்க எண்ணெய்?"

"துடைச்சா எடை கூடும்."

"அழுக்குப் போனா எடை குறையத்தானே செய்யும்?"

"இரும்பைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"எனக்கென்னங்க தெரியும்" என்று பெட்டியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தாள். சுர்ரென்றது.

பீப்பாயைக் கொல்லையின் நடுவே திறந்த வெளிக்கு உருட்டி ஒத்திகை பார்த்தேன். கரிக்கு எங்கே போவது? அவள் இஸ்திரிக்கு வைத்திருந்த மூட்டையில் கொஞ்சம் எடுத்தேன். நாலு நாள் சுற்றியும் புகைதான் வந்தது. ஜ்வாலை வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரர் இருமினார்.

"கரி மூட்டை இளைச்சிருக்கே" என்றாள் வியாழக்கிழமை.

"எலியா இருக்கும்."

"எலி கரி தின்னுமா?"

"பசி வந்தா எதையும் தின்னும்."

"அந்த எலிகிட்டச் சொல்லுங்க. பழைய மூட்டை நமுத்துக் கிடக்குது, புகைதான் வரும். அலமாரிக்குப் பின்னாடி காய்ஞ்ச கரி வச்சிருக்கேன், அதை எடுத்துக்கச் சொல்லுங்க."

பாவம், ஒன்றும் புரியாமல் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அலமாரிக்குப் பின்னாலிருந்து அள்ளிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாரம் முழுக்கத் துடைத்ததில் பகல் தூக்கமும் போயிருந்தது. கண்ணுக்குள் யாரோ மணலை வாரிப் போட்டமாதிரி இருந்தது. கரியைப் போட்டு மூட்டினேன். விசிறியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

அவள் தட்டோடு வந்தாள். சுடச்சுடச் சாப்பாடு. வழக்கமாக இருப்பதைப்போல இரண்டு மடங்கு.

"சாப்பிட்டுட்டுச் சுத்துங்க."

"நேரமில்ல. அவர் வந்துடுவாரு."

"இரும்புக் கடைக்காரர்தானே? நிக்கட்டும். வெறும் வயித்துல சுத்தி விழுந்து வச்சீங்கன்னா உங்களையும் சேர்த்து எடை போட்டுடுவாரு."

சாப்பிட்டேன். ருசியாக வேறு இருந்தது. கை கழுவித் திரும்பினால் நிழலில் ஒரு சாய்வு நாற்காலி. பீப்பாய் கைக்கெட்டுகிற தூரத்தில். நாற்காலியில் ஒரு தலையணை.

"உட்கார்ந்துகிட்டே சுத்தலாமே, கை வலிக்காது."

இந்த ஜென்மத்தில் அவள் எனக்காகத் தலையணை எடுத்துப் போட்டதில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது பாசம். உட்கார்ந்தேன். விசிறி கிர்ர், கிர்ர் என்று ஐஸ் கம்பெனி மெஷின் மாதிரியே முனகியது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். ஒரே ஒரு நிமிஷம்.

வெயில் மூக்கில் சுட்டபோது விழித்தேன்.

பீப்பாய் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு கரி வட்டம். எழுந்து கொட்டகைக்கு ஓடினேன். ரம்பம் இல்லை. கொக்கி இல்லை. கத்தி, சுத்தியல், ஒன்றும் இல்லை. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, அவள் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"சாமான் எங்க?"

"டிப்போ லாரியில போயிடுச்சு."

"டிப்போ லாரியா? உனக்கு எப்படி..."

"வந்தவரைப் பார்த்ததுமே தெரிஞ்சுதுங்க. அந்தச் சட்டை மடிப்பு நான் வச்சது. ரெண்டாவது பொத்தான் நான் தச்சது. ரேஞ்சர் சார் துணியை வருஷக்கணக்கா நான்தானே தேய்க்கிறேன்? நம்ம வீட்டு ஆணியிலதானே தொங்குது? தினம் அது மேல முட்டிக்கிட்டுத்தானே படுக்கப் போறீங்க?"

"என்னை எழுப்பியிருக்கலாமில்ல?"

"எழுப்பினேனே. 'மெஷின் ஒழுங்காத்தான் ஓடுது சார்'னு சொல்லிட்டு இந்தப் பக்கம் சாய்ஞ்சிட்டீங்க."

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "ஜ்வாலை?"

"நின்னுச்சு. நான்தான் சுத்தினேன். நீலமா, அழகா நின்னுச்சு. அப்புறம் ஒவ்வொரு சாமானா எடுத்துச் சொன்னேன். இந்த ரம்பத்தை ரெண்டு பேரும் இழுக்கத்தான் செய்யணும் சார், தள்ளக்கூடாது, தள்ளினா வளைஞ்சிடும்னு. இந்தக் கொக்கியை மரத்துக்கு மேல்பக்கம் நின்னுதான் போடணும், கீழ நின்னா ஆளு காலின்னு."

"அது நான் சொன்னதாச்சே!"

"வேற யாரு சொல்லுவா? இத்தனை வருஷமா ரெண்டு காதுலயும் ஊத்தினீங்களே. காதை இஸ்திரி போட்டா மூடி வச்சிருக்கேன்?"

கேட்டிருக்கிறாள். அந்தப் பெட்டிக்கும் சட்டைக்கும் நடுவில் இருந்துகொண்டு, நான் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டிருக்கிறாள். உலகத்தில் ஒரு ஜீவன் என் பேச்சைக் கேட்டிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வேலையைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு. பகல்ல பார்த்துக்க உங்களைத்தான் நினைச்சு வந்தாராம். திரும்பி உங்களைப் பார்த்தாரு. நீங்க வாயைத் திறந்து வச்சிருந்தீங்க. ஒரு ஈ உள்ள போகலாமா வேண்டாமான்னு வாசல்ல நின்னு யோசிச்சிட்டிருந்துச்சு."

"அப்புறம்?"

"'நீங்க வர்றீங்களாம்மா'ன்னு என்னைக் கேட்டாரு. அதிகாரி கேக்குறப்ப எப்படிங்க மாட்டேன்னு சொல்றது?"

நான் ஈரச் சேலையோடு சேர்ந்து தொங்கினேன்.

"உங்களையும் விட்டுடல. அங்க ராத்திரிக் காவலுக்கு ஒரு ஆள் வேணுமாம். ராத்திரியில இவரு கண்ணையே மூட மாட்டாரு சார்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ஒண்ணாந்தேதியில இருந்து போங்க. அந்த அமோனியா நாத்தமாவது ஒழியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேனே! சார் முன்னாடியேதான் கேட்டேன். 'ஏங்க, சம்மதமா?'ன்னேன். தலையை ஆட்டினீங்க."

"தூங்கி விழுந்தேன்டி!"

"ரெண்டு தடவை ஆட்டினீங்க. சாரே பார்த்தாரு."

மதில்மேல் மோவாய் வந்து உட்கார்ந்தது. "தங்கச்சி, முடிஞ்சுதா? நான் சொன்னது சரியா வேலை செஞ்சுதா?"

நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். அவள் ஒரு தலையணை உறையை ரொம்பக் கவனமாக உதறினாள்.

"நான் குடுங்கன்னா குடுத்திருப்பீங்களா?" என்றாள். "அண்ணன் சொன்னாத்தான் உங்களுக்குக் காது கேக்கும்."

இப்போது எங்கள் குடித்தனம் டிப்போ வாசலில் நடக்கிறது. விடியற்காலையில் இஸ்திரியை முடித்துவிட்டு அவள் வருகிறாள், நான் போகிறேன். சாயங்காலம் நான் வருகிறேன், அவள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பீப்பாயைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். ரம்பம் சுவரில் நேராகத் தொங்குகிறது. என் வீட்டில் ஒரு நாளும் அது அவ்வளவு நேராகத் தொங்கியதில்லை. பகலில் வருகிறவர்கள் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், சுத்தியலைத் தட்டிப் பார்க்கிறார்கள். அவள் என் வார்த்தைகளில் விளக்கம் சொல்கிறாளாம். கேட்டவர்கள் கை தட்டுகிறார்களாம். எனக்குத் தெரியாது. நான் தூங்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒன்றைக் கவனித்தேன். கிளம்புவதற்கு முன்னால் மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பீப்பாயின் மேல் மாட்டுகிறாள். காலையில் வந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறாள். பெரிய எழுத்தில் 'எதையும் தொடாதீர்கள்' என்று இருக்கிறது.

"இது வர்றவங்களுக்குத்தானே?" என்றேன். "ராத்திரியில எதுக்கு மாட்டுற? பகல்லதானே மாட்டணும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"பகல்லதான் நான் இருக்கேனே."