லிஃப்ட் நின்ற வாரம்

இந்தத் தடவை அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வரக் கூடாது என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்துக்கொண்டார். தலை போனாலும் வரக் கூடாது. வந்தால் வீட்டம்மாவின் வாயிலிருந்துதான் வர வேண்டும். வார்த்தை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. "ஊருக்கே போயிடலாம்" என்பதுதான்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டடத்தில் எந்தப் பெட்டி முனகினாலும், காதை வைத்துக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அந்தக் காது வேலை செய்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், சொந்த மாநிலத்தை விட்டு இந்த ஊருக்குப் போகலாம் என்று முடிவு செய்தவர் அவர். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, குழம்பு ஊற்றச் சொல்கிற அதே குரலில் அறிவித்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். குளியலறைச் சுவரில் ஓதம் ஏறினால் வீட்டம்மா சுவரைப் பார்க்க மாட்டாள், அவரைப் பார்ப்பாள். "நானா வரச் சொன்னேன்?" என்பாள். குரலை உயர்த்தவே மாட்டாள். உயர்த்தினாலாவது பதிலுக்கு உயர்த்தலாம். எதிர்வீட்டு நாய் குரைத்தால் குற்றவாளி அவர். மகளுக்குக் கணக்கில் மார்க் குறைந்தால் அவர். ஒரு தடவை அவருக்கே ஜலதோஷம் பிடித்தது. அதற்கும் அவர்தான் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். சொந்த மாநிலத்துக் கிளையில் ஒரு சூப்பர்வைசர் விலகுகிறாராம். அந்த இடத்துக்கு நம்மவரை அனுப்பலாம் என்று பேச்சு. வீட்டில் கலந்து பேசிவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். லிஃப்ட்காரர் வெளியே வந்து, யாரும் பார்க்காத இடமாகத் தேடிப்போய், கையில் இருந்த ஸ்பேனரை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷத்துக்குக் காரணம் பதவி இல்லை. அப்பா. அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார். எப்போது போன் செய்தாலும் "எனக்கென்னப்பா, ராஜா மாதிரி இருக்கேன், நீ வேலையைப் பாரு" என்பார். கொஞ்ச நாளாகச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு, மறுபடியும் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். லிஃப்ட்காரரும் முதல் தடவை கேட்பது போலவே பதில் சொல்வார். போனை வைத்ததும் பால்கனிப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், லிஃப்ட்காரருக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

அப்படியென்றால் நேராகப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். வீட்டம்மா முன்னறையில் தையல் மிஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று நாலு பேர் தேடி வருகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். மகளுக்கு எல்லாத் தோழிகளும் இங்கேதான். ஒரு தடவை இரண்டு பேரையும் கேட்காமல் இழுத்து வந்தாயிற்று. மறுபடியும் இழுத்துக்கொண்டு போக அவருக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் பாதி, பயம் பாதி. இன்னொரு பதினோரு வருஷத்துக்கு "நானா திரும்பி வரச் சொன்னேன்?" என்று அவள் கேட்பதைத் தாங்க அவர் உடம்பில் தெம்பில்லை. அதனால் அவளே சொல்ல வேண்டும். இவர் தலையைச் சொறிந்தபடி, "சரி, உனக்காக" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று மாலையே வாயைக் கிண்டிப் பார்த்தார்.

"இந்த ஊர் முன்ன மாதிரி இல்லல்ல?"

"முன்ன எப்படி இருந்துச்சு?"

"இல்ல, இப்பல்லாம் ஒரே தூசி."

"ஃபேன் மேலகூட இருக்கு. ஸ்டூலை எடுத்துட்டு வாங்க."

ஃபேனைத் துடைத்து முடிக்க இருட்டிவிட்டது. சாப்பிடும்போது இன்னொரு பக்கமாக வந்து பார்த்தார்.

"உங்க அக்காவைப் பாக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"காலையிலதான் வீடியோல பாத்தேன். அவ மூஞ்சி அப்படியேதான் இருக்கு."

இது பேச்சில் கரைகிற பாறை இல்லை என்று புரிந்தது. கஷ்டம் என்றால் என்ன என்று அவளுக்குக் காட்ட வேண்டும். இந்த ஊரே வேண்டாம் என்று அவள் வெறுத்துப் போக வேண்டும். படுத்துக்கொண்டு யோசித்தவருக்குக் கண் முன்னாலேயே வழி தெரிந்தது. குடியிருப்பது நாலாம் மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பது இவருடைய கம்பெனி. கம்பெனி சார்பில் பார்க்கிறவர் இவர். கடவுளே சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, இன்னும் ஏன் யோசிக்கிறாய் என்று கேட்பது போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போனார். மெஷின் ரூமைத் திறந்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். லிஃப்ட் ஒரு பாவமும் அறியாமல் அடங்கிப்போனது. அதைப் பார்க்க அவருக்கே கொஞ்சம் மனசு கேட்கவில்லை. கீழே வந்து "பழுது" என்று பலகை மாட்டினார். கன்ட்ரோல் பேனலில் ஒரு எலக்ட்ரானிக் கார்டு போய்விட்டது, வெளியிலிருந்து வர வேண்டும், வார இறுதி ஆகும் என்று கட்டடச் சங்கத்தின் செயலாளரிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் பேப்பரை விரித்தார். இன்னும் ஓரிரு நாளில், துணி மூட்டையோடு நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்குகிற வீட்டம்மா, "போதுங்க இந்த ஊர்" என்பாள். அந்தக் காட்சியை நினைத்து அவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார்.

வீட்டம்மா மூச்சு வாங்கவே இல்லை. பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். பிறகு கீழே போய் வாட்ச்மேனிடம் பேசிவிட்டு வந்தாள். வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு காலி அறை இருந்தது. வாடிக்கைக்காரர்கள் பாவம், மாடி ஏற மாட்டார்கள், அதனால் லிஃப்ட் சரியாகிற வரை தையல் மிஷின் அங்கே இருக்கட்டும் என்றாள். மிஷின் தானாக இறங்காது. அது வார்ப்பிரும்புக் கால் வைத்த பழைய மிஷின். முன்னால் வாட்ச்மேன், பின்னால் லிஃப்ட்காரர். பாரம் முழுக்கப் பின்னால் வந்தவருக்குத்தான். திருப்பத்துக்குத் திருப்பம் அது அவர் முழங்காலில் இடித்துக்கொண்டே இறங்கியது.

அங்கேதான் அவருடைய கணக்கு பிசகியது. மாடி ஏற அலுத்துப்போய்க் கீழேயே உட்கார்ந்து இளைப்பாறியவர்களுக்கு, எதிரில் தையல் மிஷினைப் பார்த்ததும் வீட்டில் கிழிந்து கிடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. என்றைக்கோ போன ஜிப், இறுகிப்போன இடுப்பு, தைக்காமல் மடித்து வைத்த ஜன்னல் திரை. இரண்டே நாளில் அவளுக்குத் தையல் வேலை குவிந்துவிட்டது. மகளோ படி ஏறுவது விளையாட்டுப் போட்டிக்கு நல்லது என்று இரண்டு இரண்டு படியாகத் தாவினாள். கஷ்டப்படுகிறவர்கள் என்று அந்த வீட்டில் ஒருவர்தான் மிஞ்சினார்.

லிஃப்ட் நின்றதற்குப் பொறுப்பு யார்? லிஃப்ட்காரர். அவரும் அதே கட்டடம். அப்புறம் என்ன? இரண்டாம் மாடிக் கைக்குழந்தையின் வண்டியை அவர் தூக்கினார். மூன்றாம் மாடிக்கு வந்த மெத்தையை அவர் தலையில் ஏற்றினார்கள். வேலைக்குப் போகும்போது ஒரு சுமை இறங்கும், திரும்பும்போது ஒரு சுமை ஏறும். யாராவது கேட்டால் மறுக்கலாம். யாரும் கேட்கவில்லை. வீட்டம்மாதான் கீழே உட்கார்ந்து, நூலைப் பல்லால் கடித்தபடி, "அவர் இப்ப மேலதான் போறாரு, குடுங்க" என்று எல்லோருக்கும் உபகாரம் செய்துகொண்டிருந்தாள்.

இதில் அவரை உண்மையிலேயே வதைத்தவர் ஐந்தாம் மாடி டீச்சரம்மா. ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்துபோய், லிஃப்ட் இல்லாமல் வெளியே காலடி வைக்க முடியாதவர். அவருக்கு வேண்டியதையெல்லாம் இவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சரம்மா கதவைத் திறந்து, நீங்கள் மட்டும் இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். லிஃப்ட்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஐந்தாம் மாடியில் பூமி ஏது? தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினார்.

அன்று வியாழக்கிழமை. நேரே மொட்டை மாடிக்குப் போய் சுவிட்சைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் போட்டால் திட்டம் போச்சு. கார்டு எப்படி வந்தது என்று வேறு கேட்பார்கள். இன்னும் ஒரே நாள்தான், அதற்குள் அவள் கட்டாயம் சலித்துக்கொள்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலையும் வந்தது. பதிலை வாங்காமல் போக மாட்டேன் என்று மேனேஜர் அலுவலகத்திலேயே காத்திருந்தார். நம்மவர் தோளில் டீச்சரம்மாவின் அரிசி மூட்டை, கையில் யாருடையதோ ஜன்னல் திரை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மேலே போகிறவர்கள், கீழே வருகிறவர்கள் எல்லோரும் அங்கங்கே நின்றுவிட்டார்கள். பின்னாலேயே வீட்டம்மா ஏறி வந்தாள். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"என்னங்க உக்காந்துட்டீங்க? கீழ தண்ணி கேன் வேற இருக்கு."

அவ்வளவுதான். அவருக்குள் இத்தனை நாள் பூட்டி வைத்திருந்தது உடைந்தது.

"என்னால முடியாதும்மா. இந்த ஊரும் வேணாம், இந்த மாடியும் வேணாம். ஊருக்கே போயிடலாம். அங்க வேலை தர்றேங்கறாங்க. எங்கப்பா ஒரே கேள்விய ரெண்டு தரம் கேக்கறாரு. நான் அவர் பக்கத்துல இருக்கணும். போயிடலாம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வீட்டம்மா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதை அவர் பார்த்தார். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"போயிடலாம்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நான்தான்மா சொன்னேன்."

கோபமோ துக்கமோ வந்தால் அவருக்குச் சொந்த பாஷைதான் வரும். படிக்கட்டில் நின்றவர்களுக்கு அது ஒரு எழுத்தும் புரியவில்லை. வீட்டம்மா எழுந்து, அவர்களைப் பார்த்து, இந்த ஊர் பாஷையில் நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொன்னாள். சொந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இவர் முடிவு செய்திருக்கிறார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீங்கள் எல்லோரும் சாட்சி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். அவள் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து, சின்னக் குரலில் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். திங்கட்கிழமையே மேனேஜரின் மனைவி பேன்ட் இடுப்புப் பிடிக்கக் கொடுக்க வந்தபோது விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். அன்றைக்கே இவள் மாமனாரிடம் போனில் பேசிவிட்டாளாம். கிழவர் போனிலேயே அழுதாராம். மகளிடமும் சொன்னாளாம், அவளும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு தாத்தாவுக்காக இறங்கி வந்துவிட்டாளாம். தையலுக்கென்ன, எந்த ஊரிலும் ஆட்களுக்கு இடுப்பு பெருக்காமல் இருக்காது என்றாள். மேனேஜரிடம், இவர் வருவார், வெள்ளிக்கிழமை அவர் வாயாலேயே சொல்வார் என்று அப்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"உனக்கும் போகணும்னு இருந்துச்சா?"

"நீங்க பால்கனியில போய் நிக்கறதை நான் பாக்காமலா இருக்கேன்?"

அவர் கையிலிருந்த ஜன்னல் திரையை மடித்தார், பிரித்து மறுபடி மடித்தார்.

"அப்ப நீயே சொல்லியிருக்கலாமே."

"நல்லா இருக்கே. நாளைக்கு அங்க குழாயில தண்ணி வரலைன்னா, 'நீதானே வரச் சொன்னே'ன்னு கேப்பீங்க. அந்தக் கேள்வி என்கிட்டயே இருக்கட்டும்."

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். மேலே போய் லிஃப்டைப் போட்டுவிட்டு வரச் சொன்னாள். கார்டு இன்னும் வரவில்லையே என்று அவர் கடைசியாக ஒரு தடவை மென்று விழுங்கினார்.

"வேற எங்க லிஃப்ட் நின்னாலும் சாப்பிடற தட்டை விட்டுட்டு ஓடற மனுஷன். சொந்தக் கட்டடத்துல லிஃப்ட் நின்னா காலை நீட்டிப் பேப்பர் படிக்கிறீங்க. அன்னிக்கே தெரியாதா எனக்கு?"

இதை மட்டும் அவள் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. அதற்கு நன்றி சொல்லக்கூட அவருக்கு அப்போது தோன்றவில்லை. வேறொன்று மனசை அறுத்தது.

"எல்லாம் தெரிஞ்சுமா இத்தனை நாள் என்னை மூட்டை தூக்க விட்டே?"

வீட்டம்மா அரிசி மூட்டையை நிமிர்த்தி, அவர் தோளுக்கு வாகாகச் சாய்த்துப் பிடித்தாள்.

"வீடு காலி பண்றப்ப சாமான் இறக்க ஆள் வைக்கணுமேன்னு நினைச்சேன். வேணாம், உங்களுக்கு நல்லாவே வருது."