வாளியோடு வந்தவர்

"மொத்தம் பதினாலு கேள்வி. பதில் சொல்லிட்டுத்தான் உள்ளே கால் வைக்கணும்" என்று நூலகர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

வெளியே நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. நகங்களைச் சுத்தமாக வெட்டியிருந்தார். கையில் ஒரு நீல வாளி, அதில் பாதிக்குத் தண்ணீர்.

"சார், நான் எதுக்கு வந்தேன்னா..."

"அதான் தெரியுமே! ஒம்பது மணின்னா ஒம்பது மணிக்கு வந்துட்டீங்க. அதுக்கே முழு மார்க். ஆனாலும் கேள்வி கேள்விதான்."

அந்தப் பதினான்கு கேள்விகளையும் எழுதிக் கொடுத்தவர் மச்சான், அதாவது நூலகரின் மனைவிக்கு அண்ணன். போன வருஷம் ஒருவரை நம்பித் தன் வீட்டுக் குளியலறையை ஒப்படைத்தார். இப்போது அங்கே கதவைச் சாத்தினால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது. அந்த ஞானத்தில் பிறந்தது இந்தப் பட்டியல்.

"நல்ல ஃபிட்டரா நானே அனுப்பறேன் மாப்பிள்ளை. ஆனா நான் அனுப்பின ஆளாச்சேன்னு விட்டுடாதீங்க. ஒண்ணு விடாம கேளுங்க" என்று போனில் சொல்லியிருந்தார். வரிசை எண் போட்ட எதையும் நம்பிவிடும் நூலகர், பட்டியலை ஓர் அட்டையில் ஒட்டிவைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஒரு மாதமாகப் படுக்கை. "ஒருத்தர் பிடிச்சுத் தூக்கிவிட்டாத்தான் பாத்ரூம் போக முடியும்னா, நான் முதியோர் இல்லத்துக்கே போயிடறேன். மக வீட்டுல பாரமா உக்கார மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஆகவே ஆறு மணிக்குள் வழுக்காத தரை வேண்டும், சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும். நூலகரின் மனைவி மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

"முதல் கேள்வி. கசிவு, ஒழுகல், இதுலெல்லாம் அனுபவம் எத்தனை நாளா?"

"மூணு மாசமா தினம் பாத்துட்டிருக்கேன் சார்."

அனுபவம் குறைவுதான். ஆனால் பொய் சொல்லவில்லை. நூலகர் பாதி டிக் போட்டார்.

"இந்த பாத்ரூம்ல கசிவு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்க என்ன சார் இருக்கு? தண்ணி போற ஓட்டைக்கு இடது பக்கம், நாலு விரக்கடை தள்ளி."

நூலகரின் பேனா நின்றது. "ஏம்மா, இங்க வா! மனுஷன் உள்ளே காலே வைக்கல, அங்குலக் கணக்கா சொல்றார்!"

மனைவி ஓடிவந்து கைகூப்பாத குறையாக நின்றாள். "கடவுளே பார்த்து அனுப்பியிருக்கார்."

"இல்லக்கா, நான்..."

"உபகரணம் என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"வாளி மட்டும்தான்."

"வேலை முடிச்சதும் தண்ணி ஊத்திச் சோதிப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நூலகர் வாளியை எட்டிப் பார்த்தார். "அடடா, தண்ணியையும் கையோட கொண்டு வந்திருக்காரே!"

"இந்தத் தண்ணி எங்கேருந்து வந்ததுன்னா சார்..."

"வேண்டாம், வேண்டாம். தொழில் ரகசியம் எனக்கெதுக்கு? உள்ளே வாங்க."

வாளிக்காரர் குளியலறையைச் சுற்றிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி மாமனார் கதையை ஆரம்பித்துவிட்டாள். விழுந்தது, உடைந்தது, இல்லத்துக்குப் போகிறேன் என்றது எல்லாவற்றையும் சொல்லி முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் வெறும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"எங்கப்பாவும் இப்படித்தான்கா விழுந்தார். அன்னிக்குப் பிடிச்சுக்க ஒரு பிடி இருந்திருந்தா..." வாளியை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். "எத்தனை மணிக்கு வராரு?"

"ஆறு மணிக்கு."

"சரி. நான் சொல்ல வந்ததை அப்புறம் சொல்லிக்கலாம்."

கசிகிற இடத்தைக் காட்டுவதற்காக ஒரு டைல்ஸை விரலால் லேசாகத் தட்டினார். அது பெயர்ந்து கையோடு வந்தது. அதைத் திரும்ப வைக்கப் போனபோது பக்கத்திலிருந்த மூன்று பெயர்ந்தன. ஈரம் வராமலிருக்க வால்வை மூடலாம் என்று நூலகர் திருகினார். வால்வின் தலை அவர் கையில் இருந்தது, தண்ணீர் அவர் முகத்தில் இருந்தது.

"விரலை வைங்க சார், விரலை!"

"வச்சுட்டுத்தான் இருக்கேன்!"

"அது பக்கத்துக் குழாய் சார்!"

மனைவி மொட்டை மாடிக்கு ஓடித் தொட்டி வால்வை மூடினாள். வீடு முழுக்கக் குழாய்களில் தண்ணீர் நின்றுபோனது. அடுப்பில் பாத்திரம், கையில் சோப்பு, கூடத்தில் மூன்று ஜோடி ஈரக் கால்தடம்.

நூலகர் வாங்கிவைத்திருந்த, சீக்கிரம் காயும் சிமெண்ட் மூட்டையை வாளிக்காரர் பிரித்தார். "சல்லடை இருக்காக்கா?" என்று கேட்டு வாங்கி, சிமெண்டை மூன்று முறை சலித்தார். தண்ணீரைக் கரண்டியால் அளந்து ஊற்றினார். ஒரே பக்கமாகக் கலக்கினார். கட்டி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை பேர் வேலையைப் பார்த்திருக்கேன். இவ்வளவு பக்தியா யாரும் கலக்கினதில்ல" என்று நூலகர் மனைவியின் காதில் சொன்னார்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. மனைவி போய்த் திரும்பினாள். "யாரோ பையைத் தூக்கிட்டு பாத்ரூம் வேலைன்னு வந்தார். ஆள் வந்தாச்சுன்னு அனுப்பிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே. பதினொண்ணாவது கேள்விக்குக் குறிப்பு என்ன சொல்லுது? வேலை நடுவுல ஆளை மாத்தக் கூடாது." மச்சான் இரண்டு முறை போனில் கூப்பிட்டார். நூலகரின் கையெல்லாம் சிமெண்ட், எடுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் தரை முடிந்துவிட்டது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

"கைப்பிடி எந்த உயரத்துல வைக்கிறது சார்?"

"மாமனாரும் நானும் ஒரே உயரம். நான் உக்காந்து எழுந்து காட்டறேன், பாருங்க" என்று நூலகர் ஒரு குடையை ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டு, ஈரத் தரைக்கு மேலே போட்டிருந்த பலகைமேல் நடந்துபோய்க் கம்மோடில் உட்கார்ந்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி எழுந்தார்.

"எங்கப்பா இவ்வளவெல்லாம் முனக மாட்டார்" என்றாள் மனைவி.

அந்த அவமானத்தில் நூலகர் திரும்பிப் பார்த்தார். பலகை சரிந்தது. ஒரு கால் புதுத் தரையில் கணுக்கால்வரை இறங்கியது. குடை இன்னும் ஆழமாக இறங்கியது. தரையைப் பாதிக்குப் பெயர்த்து மறுபடி சலிக்க வேண்டியதாயிற்று.

துளை போடும் மிஷினை எடுத்துக் கொடுத்ததும் வாளிக்காரர் அதை இரண்டு கையாலும் குழந்தையைப் போல ஏந்தினார். "எவ்வளவு அழுத்தணும் சார்?"

"என்னையா கேக்கறீங்க?"

"உங்க சுவர் சார். நீங்க சொன்னா நல்லாருக்கும்."

ஒன்பதாவது கேள்வி: வீட்டுக்காரரைக் கலந்துகொள்கிறாரா? நூலகர் நெகிழ்ந்து போய் டிக் போட்டார். "நல்லாவே அழுத்துங்க" என்றார்.

அவர் நல்லாவே அழுத்தினார். அடுத்த அறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, அலமாரிக்குள்ள உங்க கோட்டு தானா சுத்துது!"

கோட்டுக்கு முதுகில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையால் மாமனாருக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று தங்களைத் தேற்றிக்கொண்டு, அடுத்த ஓட்டையைக் கவனமாகப் போட்டார்கள். கைப்பிடி நின்றது. நூலகர் தொங்கிப் பார்த்தார். வாளிக்காரரும் தொங்கிப் பார்த்தார். அது அசையவில்லை. நூலகர் கடையிலிருந்து புது வால்வு வாங்கிவந்து மாட்டி, தொட்டியைத் திறந்துவிட்டார்.

கடைசி வேலை, டைல்ஸ் இடுக்குகளை அடைப்பது. வாளிக்காரர் ஒரு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, வெள்ளை சிமெண்டை அதில் நிரப்பி, நுனியை வெட்டி, இடுக்கு நெடுகப் பிழிந்துகொண்டே போனார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு நிம்மதி. கைப்பிடிக்குக் கீழே வந்ததும் கை தானாகச் சுழன்றது. ஐந்து இதழோடு ஒரு சின்னப் பூ. போட்டபிறகுதான் அவரே அதைக் கவனித்தார்.

"ஐயோ, கைப்பழக்கம். அழிச்சிடட்டுமா?"

"இருக்கட்டும், அழகா இருக்கு" என்றாள் மனைவி. "காஞ்சிடுமா?"

"கதவை மட்டும் திறந்து திறந்து பார்க்காதீங்கக்கா. அமுங்கிடும்."

ஆறு மணிக்கு மாமனார் வந்தார். யார் கையையும் பிடிக்காமல் ஊன்றுகோலோடு நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மனைவியின் உதடுகள் பிரார்த்தனையில் அசைந்தன. உள்ளே தண்ணீர்ச் சத்தம். பிறகு அமைதி. பிறகு ஊன்றுகோல் தட்டும் சத்தம்.

கதவு திறந்தது.

"தானா எழுந்துட்டேன் பாப்பா" என்றார் மாமனார். "பூ வேற போட்டிருக்கே. என் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லு. நான் எங்கேயும் போகல."

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். நூலகர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வாளிக்காரரிடம் வந்தார்.

"உங்களைப் போல ஆளை நான் பார்த்ததே இல்ல. பன்னெண்டரை டிக் ஆச்சு. கடைசி ஒண்ணுதான் பாக்கி. வேலை செஞ்சவர் பேரு, விலாசம், கையெழுத்து."

வாளிக்காரரின் முகம் சிவந்தது. "விலாசமா? அதைத்தான் சார் காலையிலேருந்து..."

அழைப்பு மணி அடித்தது. நூலகர் கதவைத் திறந்தார். முன்பின் பார்த்திராத ஒரு பெண், தோளில் ஈரத் துண்டோடு நின்றாள். அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏங்க, காலையில நான் வேலைக்குக் கிளம்பறப்போ, மேல் வீட்டுத் தண்ணி நம்ம பாத்ரூம் சீலிங்ல ஒழுகுதுன்னு அவங்ககிட்ட வாளியைக் காட்டிச் சொல்லிட்டு, அஞ்சு நிமிஷத்துல வந்து கல்யாண கேக்குக்குப் பூ வைக்கிறேன்னுதானே போனீங்க? சொல்லிட்டீங்களா, இல்ல இன்னும் கூச்சப்பட்டுட்டே நிக்கிறீங்களா?"